பெண் பார்க்க வந்த அன்று நடந்த குஸ்தி

போன மாதம் என் மகன் தன் கைப்பேசியில் எதையோ தட்டித் தட்டி, கடைசியில் அந்தச் சண்டையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டான். பத்து வயதில் நான் முக்கால்வாசி பார்த்து, முடிவு தெரியாமலே போன குஸ்தி. அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு தடியர்களும் மேடையை விட்டு வெளியே விழுந்து, நாற்காலிகளுக்கு நடுவில் கட்டிப் புரண்டார்கள். நடுவர் பத்து வரை எண்ணினார். மணி அடித்தார்கள். அவ்வளவுதான். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை.

இதற்காகவா எங்கள் மாமாவும் கலும்பாங்கிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரும் வாசலில் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டார்கள்? இதற்காகவா நான் என் அக்காவோடு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்? கைப்பேசியை மகனிடம் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்துக்கு மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். குஸ்தியோ சனிக்கிழமை நான்கு மணிக்கு. டிவி நிலையத்தில் இருந்தவர்களுக்குத் தோட்டத்து ஜெனரேட்டரைப் பற்றி என்ன கவலை?

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். டவுனில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை. சனிக்கிழமை மதியம் சார்ஜ் ஏற்றிய லோரி பெட்டரி ஒன்றை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். பெட்டரியின் ஆசிட் பட்டு என் கவுன் ஒன்று சல்லடையாகிப் போனதிலிருந்து, அதை முன்னறையில் வைக்கக் கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தார். அதனால் பெட்டரி உள்ளறையில் இருக்கும். ஒயர் கதவிடுக்கு வழியாக வந்து முன்னறை டிவியில் சேரும். கறுப்பு வெள்ளைப் பெட்டி. நான்கு மணிக்கு லயத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் இருப்பார்கள்.

மல்லர்களின் இங்கிலீஷ் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். தோள் வரை முடி வளர்த்த நல்லவன் சடையன். பின்னாலிருந்து அடிக்கிற கெட்டவன் மொட்டையன். இரண்டு மாதமாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இருவரும் வருகிற சனிக்கிழமை மோதப் போவதாக அறிவித்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் அக்காவைப் பெண் பார்க்க வருகிற நாளாக அப்பாவும் அம்மாவும் குறித்தார்கள். வருடத்தில் எத்தனை சனிக்கிழமை இருக்கிறது?

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. கிள்ளானில் சட்டை தைக்கும் தொழிற்சாலைக்கு விடியற்காலை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு ரவாங்கில் வேலை, சூப்பர்வைசர் என்றார்கள். அவருடைய போட்டோ வந்த நாளிலிருந்து அக்கா அதைத் தன் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். ஒருநாள் என்னிடம் எடுத்துக் காட்டி, "மூக்கு நல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள். மூக்கில் நல்லது கெட்டது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்றேன். பெண் பார்க்கும் அன்று கட்டப்போகும் சேலைக்கு ரவிக்கையை அவளே வெட்டி, அவளே தைத்தாள். கை சரியாக விழவில்லை என்று இரண்டு முறை பிரித்தாள்.

வெள்ளிக்கிழமையே அம்மா டிவியின் மேல் பழைய சேலையைப் போர்த்தி, அதன் தலையில் பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்துவிட்டார். லயத்தில் வீடு வீடாகப் போய், "நாளைக்கி குஸ்தி கெடையாது, யாரும் வந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டும் வந்தார். நான் அழுது பார்த்தேன். அடி விழுந்தது.

சனிக்கிழமை மாமா வழக்கம்போல பெட்டரியோடு வந்து இறங்கினார். அம்மா முறைத்தார்.

"சும்மா இருக்கட்டும்கா. கொண்டாந்தது கொண்டாந்தாச்சு" என்றார் மாமா. உள்ளே கொண்டுபோய் ஒயரையும் மாட்டி வைத்தார்.

அவர்கள் இரண்டு மணிக்கு வந்து மூன்றரைக்குப் போயிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். கலும்பாங்கிலிருந்து வரும் வழியில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் கார் சூடாகி நின்றுவிட்டதாம். வந்து சேரும்போது மணி மூன்றே முக்கால். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ரோட்டைப் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் எதிலும் ஒட்டாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூச்சாடியைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த சேலையைப் பார்த்தார்.

"அண்ணே, அது டிவிதானே?"

"ஆமா" என்றார் அப்பா.

"நாலு ஆவப் போவுதே. இங்க கரண்டு கெடையாதோ?"

அப்பா பதில் சொல்வதற்குள் மாமா எழுந்துவிட்டார். "பெட்டரி ஃபுல்லா இருக்குண்ணே" என்றார். சமையல்கட்டு வாசலிலிருந்து அம்மா இருமியது எனக்குக் கேட்டது, மாமாவுக்குக் கேட்கவில்லை. பூச்சாடி இறங்கியது, சேலை விலகியது, டிவி இரைந்தது. நான் ஓடிப்போய் மாப்பிள்ளையின் காலடியில், தரையில் இடம் பிடித்தேன்.

சத்தம் கேட்டதும் லயம் சும்மா இருக்குமா? முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் தீப்பெட்டி கேட்டு வந்தார். வந்தவர் போகவில்லை. பிறகு அவர் மனைவி அவரைத் தேடிக் கைக்குழந்தையோடு வந்தார். ஐந்து நிமிடத்தில் வாசற்படி வரை ஆட்கள். தலைக்கு மேல் தலை. குழந்தை வேறு அழுதது. ஒருவர் உட்கார்ந்தால் ஒருவர் எழுகிறார். முக்கியமான அடி விழும்போதெல்லாம் மாமா துள்ளிக் குதித்து எனக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு சண்டையை நிம்மதியாகப் பார்க்க விடாத சனங்கள்.

இதில் இன்னொரு கொடுமை, மாப்பிள்ளையின் அப்பா மொட்டையன் கட்சி. எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "குத்துடா, இன்னொண்ணு குத்து" என்று மொட்டையனுக்கு யோசனை சொன்னார். மாமாவின் காது சிவந்துகொண்டே வந்தது.

"பின்னாலேர்ந்து அடிக்கிறான்ணே. அதெல்லாம் ஒரு ஆம்பளத்தனமா?" என்றார்.

"ஜெயிக்கத்தானே லா எறங்குறாங்க. முன்னால என்ன, பின்னால என்ன?"

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா அக்காவை அனுப்பினார். எத்தனை நேரம்தான் அவரும் தேநீரை ஆறாமல் வைத்திருப்பார்?

எப்படி வர வேண்டும், யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் அம்மா அவளுக்கு ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தார். அக்கா தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெரியவர் அவளைப் பார்க்காமலே கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையின் காலைத் தன் மடியிலிருந்து தள்ளிவிட்டபடி எடுத்தார். மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக்கொண்டார். பிறகு அக்கா, சொல்லிக் கொடுத்தபடியே, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றாள். நின்ற இடம் டிவிக்கும் எங்களுக்கும் நடுவில்.

சடையன் கயிற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தான். எனக்கு அவனுடைய ஒரு முழங்கைதான் தெரிந்தது. மிச்சமெல்லாம் சேலை. நான் இடப்பக்கம் சாய்ந்தேன், வலப்பக்கம் சாய்ந்தேன். அக்கா நகர்கிறாளா என்றால் இல்லை. என் தலைக்கு மேலே மாப்பிள்ளையும் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? மறைக்குது."

அந்தக் கூச்சலில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவளைத் தாண்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நகர்ந்தாள். அப்படியே சுவரோரமாகப் போய் உள்ளறைக்குள் நுழைந்துவிட்டாள். எனக்குப் பெரிய நிம்மதி. நான் சொல்ல வாயெடுத்ததை மாப்பிள்ளையே சொல்லிவிட்டார் என்று அவர்மேல் எனக்கு அன்பே வந்துவிட்டது.

சடையன் கயிற்றிலிருந்து பாய்ந்தான். மொட்டையன் விலகினான். இருவரும் கயிற்றுக்கு வெளியே விழுந்தார்கள். மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நடுவர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்.

திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்துவிட்டது.

முன்னறையே அலறியது. "பாப்பா, உள்ள போய் பெட்டரிய பாரு" என்று மாமா கத்தினார். நான் காலையும் கையையும் மிதித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். அக்கா பெட்டரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கிளிப் ஒன்று கழன்று கிடந்தது.

"கழண்டுகிச்சு" என்றாள்.

"எப்படிக் கழலும்? மாமா இறுக்கிதானே மாட்டுனாரு?"

"சேலை மாட்டிக்கிச்சு."

"பாத்து ஒக்கார மாட்டியா? கண்ணு தெரியாதா உனக்கு?" என்று இருபத்திரண்டு வயது அக்காவை நான் திட்டினேன். கிளிப்பை எடுத்து மாட்டுவதற்குள் தீப்பொறி தெறித்தது, இரண்டு முறை நழுவியது. திரும்பி ஓடி வந்தபோது திரையில் ஒரு பெண் பால்மாவு டின்னைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வேறு ஏதோ நிகழ்ச்சி. முடிந்தது.

யார் ஜெயித்தது என்பதில் சண்டை முன்னறையில் தொடங்கி வாசல் வரை போனது. நடுவர் எட்டு எண்ணுவதற்குள் மொட்டையன் மேலே ஏறியிருப்பான் என்றார் பெரியவர். அவனுக்கு மூச்சே இல்லை, சடையன்தான் ஏறியிருப்பான் என்றார் மாமா. அப்பா இருவருக்கும் நடுவில் நின்று, "சரி விடுங்க, சரி விடுங்க" என்று யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கார் கதவைத் திறந்த பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"அட, பொண்ண சரியாவே பாக்கலயே" என்றார்.

அக்கா மறுபடி வெளியே வந்து கும்பிட்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்மா மாமாவோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் புதன்கிழமை ஆள் மூலமாகச் சேதி வந்தது: பெண் பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பேசலாம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். "டிவி இல்லன்னா இது முடிஞ்சிருக்குமா?" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

அக்கா மட்டும், "எனக்கு வேணாம்" என்றாள்.

ஏன் என்று கேட்டாலும் அதையேதான் சொன்னாள். "போட்டோவ பாத்து சரின்னு சொன்னவதானே நீ? இப்ப என்னாடி வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் இருந்தார். அக்கா விடியற்காலை பஸ்ஸுக்குப் போனாள், சாயங்காலம் வந்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், வேணாம் என்றாள். இத்தனை நல்ல மாப்பிள்ளையை இவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று எனக்கும் ஆத்திரமாக வந்தது. ஏற்கனவே என் குஸ்தியைக் கெடுத்தவள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். லோரியின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கி நீதானே அந்தப் பையன் பக்கத்துல ஒக்காந்திருந்த? அக்காகிட்ட ஏதாச்சும் பேசுனாரா?"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மாப்பிள்ளைக்காகப் பேச ஒரு வாய்ப்பு.

"தப்பா ஒண்ணும் பேசலப்பா. அக்காதான் தேத்தண்ணி குடுத்துட்டு டிவிய மறைச்சிக்கிட்டே நின்னுச்சு. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களான்னு கேட்டாரு. வாங்க போங்கன்னு மரியாதையாதான்பா சொன்னாரு. ரொம்ப நல்லவருப்பா."

அப்பா கையிலிருந்த துணியால் படியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அக்கா என்ன பண்ணுச்சு?"

"நகந்து உள்ள போயிருச்சு. பெட்டரிகிட்ட."

அப்பா எழுந்து வீட்டுக்குள் போனார். அம்மாவிடம், "அவங்களுக்குச் சொல்லி அனுப்பிடு. நமக்குத் தோது இல்ல" என்றார். அம்மா ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அப்பாகிட்ட என்னாடி சொன்ன?"

"நல்லதாதான் சொன்னேன்" என்று அழுதேன். உண்மையாகவே நல்லதாகத்தான் சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாப்பிள்ளையை நான் அவ்வளவு தூரம் புகழ்ந்தும் அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று புரியாமல், நாள் முழுக்க அப்பாவின் மேலும் கோபமாக இருந்தேன்.