அண்ணாவுக்குக் காட்டிய கொழும்பு

வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குக் கொழும்பைக் காட்ட ஒருவருக்கும் நேரமில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய பெரியப்பாவின் மகனுக்கோ அப்பா லீவு மேல் லீவு போட்டுக் காட்டினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கந்தோருக்குப் போன அதே அப்பாதான். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. கனடா விசா வரும்வரை இருப்பான் என்றார்கள். அது வருவதாகத் தெரியவில்லை.

விடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். பழம்பொருள்கள் வைத்த நூதனசாலை, விகாரமாதேவி பூங்கா, மறுபடியும் நூதனசாலை. மத்தியானம் சைவக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் காலைப் புட்டைப் பிசைந்துகொண்டிருக்க, நெய்த்தோசை முறுகலாக இருந்ததென்றும், கேட்காமலே தட்டு நிறைய உளுந்துவடை கொண்டுவந்து வைத்தார்களென்றும் அண்ணா சொல்வான். எனக்கென்று ஒரு வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவான். வயிறெரிந்துகொண்டிருக்கிறவளுக்கு வடை எதற்கு? வேண்டாமென்று தள்ளிவிட்டு, அவன் அங்கால் போனதும் தின்பேன்.

ஒரு சனிக்கிழமை தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நிலத்தில் விழுந்து புரண்டேன்.

"மூண்டு பேருமாப் போவமே," என்றார் அப்பா.

"அண்ணா வந்தா நான் வரமாட்டன். நீங்கள் எனக்கு அப்பாவோ, அண்ணாவுக்கு அப்பாவோ?"

அம்மா கண்ணால் ஏதோ சைகை காட்டினார். அப்பா தயங்கினார். அண்ணாதான் போட்ட சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்தான்.

"அவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ சித்தப்பா. பாவம், சின்னப்பிள்ளை. ஒரு நாளிலை என்ன வரப்போகுது?"

வென்றுவிட்டேன். சைவக்கடையில் இரண்டு நெய்த்தோசை தின்றேன். யானை ஆட்டம் பார்த்தேன். அப்பா மட்டும் நிமிடத்துக்கொரு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணாவோடு வந்திருந்தால் இப்படிப் பார்த்திருப்பாரா என்று எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் அண்ணா இல்லை. பத்து மணிக்கு ஆமிக்காரரும் பொலிஸ்காரரும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, கொழும்பில் தங்கப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டைக் காட்டியும் கேளாமல், இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"இதுக்குப் பயந்துதானே ஒவ்வொரு நாளும் வெளியிலை கொண்டு திரிஞ்சனீங்கள்," என்று அம்மா அழுதார்.

உல்லாசப் பயணிகளும் பள்ளிப்பிள்ளைகளும் நடமாடும் இடங்களில், கந்தோர் அடையாள அட்டையோடு தானும் பக்கத்தில் இருந்தால், பொடியனைத் தொடமாட்டார்கள் என்று அப்பா நம்பியிருக்கிறார். இது வளர்ந்த பிறகு விளங்கியது. அன்று எனக்கு விளங்கியதெல்லாம் அம்மாவும் அவனுக்காகத்தான் அழுகிறார் என்பது மட்டுமே.

நான்கு நாள் கழித்து அப்பா அண்ணாவைக் கூட்டிவந்தார். கதிரையில் மெல்ல உட்கார்ந்தவன் என்னைப் பார்த்து, "யானை ஆட்டம் பாத்தனியோ?" என்று கேட்டான். அவன் பார்க்காததை நான் பார்த்துவிட்ட சந்தோசத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டான். அப்பா எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டார்.

அம்மா சோறு குழைத்து அவனுக்கு ஊட்டினார். பத்தொன்பது வயதுக்காரனுக்கு! விரல்கள் மடங்காமல் வீங்கி, அவனுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னை ஒருநாளும் இப்படிக் கவனிப்பதில்லையே என்று பொருமிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த கவளம் எனக்குத்தான் என்று வாயைத் திறந்தேன்.