தூணுக்குப் பின்னால் எழுதிய பரீட்சை

வாத்தியார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். படித்துக் கோபம் வந்தால் நல்லது.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒரு சர்வே எடுத்தார்கள். பரீட்சையை அந்தந்தப் பள்ளியே வைத்தது. தாள் திருத்துவது என் வேலை. மானாம்பதியை அடுத்த ஒரு பள்ளியில், சேரிப் பிள்ளைகள் எல்லாரும் டிக்டேஷனைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். கணக்கில் எல்லாரும் முட்டை. இது எப்படி நடக்கும்?

மேலதிகாரியிடம் காட்டினேன். "ரெண்டையும் கூட்டி ஆவரேஜ் போடுய்யா. சுமாரான பசங்கன்னு எழுதிட்டுப் போ" என்றார்.

எரிச்சலோடு நேரே அந்தப் பள்ளிக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் முன்னால் ஒரு கூலிக்காரர் நின்றிருந்தார். நான் போட்ட மார்க்கை வைத்தே அவர் மகள் குப்பம்மாளைக் கணக்கில் ஃபெயிலாக்கியிருந்தார்கள்.

"அப்ப நாளைக்கே நாத்து நட இட்டுகினு போறேன் சார். வூட்டுக்கு ஒரு கூலியாவது சேரும்."

"இட்டுகினு போ. அதுங்களுக்குக் கணக்கு ஏறாது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எங்க உக்காந்து எய்துச்சு?" என்றேன்.

வராந்தாவைக் காட்டினார். சேரிப் பிள்ளைகளுக்கு அங்கேதான் இடம். போய் உட்கார்ந்தேன். எதிரே தூண். டிக்டேஷன் காதில் விழும். கணக்கை எழுதிப்போட்ட போர்டோ உள்ளே, தூண் மறைவில்.

"சார், இங்க வந்து குந்துங்க. போர்டுல இன்னா எய்திகீது, படிங்க" என்று ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

அவர் வரவில்லை. "உள்ள குந்த வெச்சா ஊர்க்காரங்க பேஜார் பண்ணுவாங்க. நான் இன்னா பண்றது?"

"பயப்படறது நீங்க, ஃபெயில் ஆவறது அதுவா?"

போர்டை நானே தூக்கி வந்து வராந்தாவில் சாத்தி, புதுக் கணக்குகள் எழுதினேன். அப்பாவோடு வந்திருந்த குப்பம்மாள் ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகப் போட்டாள். "இத்தத்தான் கேட்டீங்களா? அன்னிக்கே காட்டியிருந்தா போட்டிருப்பனே!" என்று ஹெட்மாஸ்டரையே கேட்டாள்.

அவள் அப்பா சிரித்துவிட்டார். "பாஸுன்னு எய்துங்க சார். நாத்த நானே நட்டுக்கறேன்."

நான் நகராமல் நின்றதால் ஹெட்மாஸ்டர் பாஸ் போட்டார்.

திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னேன். மேலதிகாரி மட்டும் அசையவில்லை. "மொத மார்க்குதான் ரிப்போர்ட்டுக்குப் போவும். ஃபாரத்துல தூணுக்கு எடம் எங்கய்யா கீது?"

அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கில் நாட்டம் குறைவு என்று அச்சடித்தே விட்டார்கள்.

மார்க்கைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடும் முன், அது உட்கார்ந்து எழுதிய இடத்தில் ஒருமுறை போய் உட்காருங்கள். அதற்கு முட்டி மடங்காதவர்கள் இந்த வேலைக்கு வராதீர்கள்.