பின் சீட்டுக்குக் கிடையாதாம்

சேலத்திலிருந்து வந்த இன்சூரன்ஸ் ஆள் என்னைத் தாண்டிப் போய் வண்டியைப் பார்த்தார். முன்னறையில் கட்டிலில் கிடந்தேன் நான். இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. வண்டி பின்கட்டில் நின்றது. அங்கே போக என் கட்டிலை ஒட்டித்தான் வழி. கட்டிலில் இடித்துவிடாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார். அந்த மரியாதையை மட்டும் செய்தார். பிறகு வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வளைந்த ஹேண்டில் பாரைத் தொட்டுப் பார்த்தார், உடைந்த முகப்பு விளக்கைப் பார்த்தார், பெட்ரோல் டேங்கின் ஒடுக்கை விரலால் தடவினார். இதமாகத் தடவினார். எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

திரும்பி வரும்போது அவரிடம் கேட்டேன், "என் காலை எப்பங்க பாப்பீங்க?"

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டார். "கால ஆஸ்பத்திரில தாங்க பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அது அறுபதுகளின் கடைசி. நாங்கள் பொம்மிடியில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கால்நடைத் துறையில் வேலை. மொரப்பூர் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போய் மாடுகளுக்கு ஊசி போட வேண்டும், அதற்காகவே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். நான் ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு, மடியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி நான் போவதை அந்த ரோட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

தை மாதத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளில் கொள்ளுச் செடியைப் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். காசில்லாத போரடிப்பு. அன்றைக்கு ஒரு வளைவைத் தாண்டியதும் ரோடு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. என் கணவர் வேகத்தைக் குறைத்தார். ஆனாலும் சக்கரம் செடிக்குள் சிக்கி வழுக்கிவிட்டது. அவர் அந்தக் குவியலிலேயே விழுந்தார், முழங்கையில் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். என்னை வண்டி மறுபக்கம் தூக்கிப் போட்டது. அங்கே ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர். என் கால் அதில் மோதிய சத்தத்தை நானே கேட்டேன். கொள்ளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தூக்கு உருண்டு போய்ப் பள்ளத்தில் கிடந்தது.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. இடது கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது. லீவு தீர்ந்து, பிறகு சம்பளமில்லா லீவில் பல மாதம் கிடந்தேன்.

இன்சூரன்ஸ் என்ற பேச்சே எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. வண்டிக்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறோம் என்பது தெரியும். வாங்கிப் போகிற ஏஜெண்ட் யாரோ எவரோ அல்ல, என் கணவரின் பெரியப்பா மகன். எங்கள் மாதா கோயில்காரர்தான். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பூசை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் கவலை இல்லை என்பார். அந்த நம்பிக்கையில் என் கணவர் அவரிடம் போய் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டபோது, அவர் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார். பின்னால் உட்காருகிறவர்களுக்கு அதில் கிடையாதாம்.

முழுசு என்றார்களே, எதற்கு முழுசு? வண்டியின் விளக்குக்கு விலை வந்தது. ஹேண்டில் பாருக்கு வந்தது. டேங்குக்கு வந்தது. அதிலும் பழைய வண்டி என்று தேய்மானம் கழித்துத்தான் கொடுத்தார்கள். என் கணவர் அந்தப் பணத்தை வாங்கி வண்டியைச் சரிசெய்தார். வண்டி நேராகிவிட்டது. நான் நொண்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அதைப் பார்த்தேன். புது விளக்கு பளபளவென்று இருந்தது. எனக்கு அதை உடைக்க வேண்டும் போலிருந்தது.

நான் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், அடுத்த முறை பணம் கட்டும் காலம் வந்தபோது தொகை ஏறியிருந்தது. ஏன் என்று கேட்டேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் கணவர் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் சொந்தக்காரர்களிடம் கேள்வி கேட்பதை அவமரியாதை என்று நினைப்பவர். வண்டிக் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்றாலும் அந்த ஆங்கிலம் தெரியவில்லை. சரி, எழுதியவர்களிடமே கேட்போம் என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பொம்மிடியில் ரயிலேறிச் சேலத்துக்குப் போனேன். என் கணவரிடம் பல்வலி, அது இது என்று பொய்ச் சாக்கு எதுவும் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போகிறேன் என்றே சொன்னேன். அவர் போக வேண்டாம் என்றார். போனேன்.

ஆபீஸ் மாடியில் இருந்தது. படிகள் உயரம். ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு ஏறினேன். மேலே மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, வூட்டுக்காரர் வரலையா என்று கேட்டார். வண்டி அவர் பேரில் இருப்பதால் அவரோ ஏஜெண்டோ வந்தால்தான் பேச முடியும் என்றார். பேச வேண்டாம், நான் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும் என்று சொல்லி எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். நான் எழுந்து போனால் போதும் என்றுதான் பதில் சொன்னார். ஆனால் சொன்னார்.

நான் கேட்டுக் கேட்டு வாங்கிய பதில்கள் இவை. சட்டப்படி கட்டாயம் எழுத வேண்டியது ரோட்டில் போகிற மற்றவர்களுக்காக. நம் வண்டி யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும். அதற்கு ஆகும் பணம் கொஞ்சம்தான், எந்த ஏஜெண்டிடம் போனாலும் ஏறக்குறைய அதே அளவுதான். நாங்கள் கட்டியதில் பெரும்பங்கு வண்டியின் சேதத்துக்காக எழுதியது. அதை வண்டியின் மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். எங்கள் வண்டிக்கு என்ன மதிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். புது வண்டியின் விலை. நாங்கள் பழையதாக வாங்கிய வண்டிக்கு, ஒவ்வொரு வருஷமும், புது வண்டியின் விலை.

"அப்ப குடுக்கும்போது மட்டும் பழைய வண்டின்னு ஏன் கழிச்சீங்க?"

"அது அப்பிடித்தாங்கம்மா. எவ்வளவு எழுதுனாலும் அன்னைக்கு என்ன பெறுமோ அதான் குடுப்போம்."

"அப்ப கூட எழுதறதுல யாருக்கு லாபம்?"

அவர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொகை கூடினால் ஏஜெண்டின் கமிஷனும் கூடும் என்பது ஆரம்பப் பள்ளிக் கணக்கு.

இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் வருஷம் ஓட்டினால் அடுத்த முறை தள்ளுபடி உண்டாம். விளக்குக்கும் டேங்குக்கும் கைநீட்டி வாங்கினோமே, அதனால் அந்தத் தள்ளுபடி போய்விட்டது. தொகை ஏறியதற்கு அதுதான் காரணம். வாங்கிய சொற்பத்தை இப்படியே ஓரிரண்டு வருஷத்தில் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விளக்கை நாங்களே மாற்றியிருப்போம்.

கடைசியாக என் காலைப் பற்றிக் கேட்டேன். பின் சீட்டில் உட்காருகிறவருக்கும் சேர்த்து எழுதலாம், அதற்குத் தனியாக ஒரு சிறு தொகை உண்டு, கேட்டால் எழுதிக்கொடுப்போம், தீராத ஊனம் என்றால் அதில் கிடைத்திருக்கும் என்றார். அந்தச் சிறு தொகை எவ்வளவு என்றும் சொன்னார். மாமா ஞாயிற்றுக்கிழமை வரும்போது நாங்கள் வாங்குகிற கறிக்கு ஆகும் காசு.

ரயிலில் திரும்பி வரும்போது அந்தக் கொள்ளுக்கார அம்மாளை நினைத்துக்கொண்டேன். வண்டி அவள் மேல் மோதியிருந்தால் அவளுக்குக் கொடுத்திருப்பார்கள். வண்டிக்குக் கொடுத்தார்கள். வண்டி மேல் உட்கார்ந்திருந்த நான் வண்டியிலும் சேர்த்தி இல்லை, ரோட்டிலும் சேர்த்தி இல்லை. எதிர் சீட்டில் இருந்தவர்கள் என்னை உற்றுப் பார்த்தார்கள். நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். நான் கறி எடுக்கவில்லை. ரசமும் அப்பளமும் வைத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, கை கழுவியதும் கேட்டேன். சேலத்துக்குப் போனதைச் சொன்னேன். மதிப்பைக் கூட்டி எழுதியதை அவர் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறேன், யாரும் கேட்டதில்லை என்றார். அது அவருக்கு ஒரு சமாதானமாகவே இருந்தது.

"பின் சீட்டு?"

"பொம்பளைங்க உக்கார்றதுக்கெல்லாம் யாரும்மா இன்சூரன்ஸ் கேக்கறாங்க?"

"கேக்கலை, சரிங்க மாமா. நீங்க சொன்னீங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னை அடக்குவார் என்று எதிர்பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உன் பெண்டாட்டிக்கு வாத்தியார் வேலை பார்த்துப் பார்த்து எல்லாரும் பிள்ளைகளாகத் தெரிகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் எங்களுக்குள் பெரிய சண்டை. அண்ணனை அவமானப்படுத்திவிட்டாய் என்றார் என் கணவர். கால் போனது அவமானம் இல்லையா என்றேன். புது ஏஜெண்டிடம் போனால் குடும்பத்தில் என்ன பேசுவார்கள் என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "எனக்கும் சேத்து எழுதற வரைக்கும் நான் அந்த வண்டியில ஏற மாட்டேங்க."

மறுநாள் காலை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். நான் அதைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பஸ் பள்ளிக்கூடம் வரை போகாது. பிரிவு ரோட்டில் இறங்கி மீதி தூரம் நடக்க வேண்டும். அந்தக் காலோடு நடந்தேன். வெயிலில் நடந்தேன், மழையிலும் நடந்தேன். சில நாள் என் கணவர் வண்டியை மெதுவாக உருட்டியபடி பக்கத்தில் வருவார். ஏறு என்று சொல்லமாட்டார். நானும் திரும்பிப் பார்க்கமாட்டேன். வயல்காட்டில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். புருஷன் வண்டியில் போக, பெண்டாட்டி நொண்டி நொண்டி நடந்து போகிறாளே என்று பேசத் தொடங்கினார்கள். மாடுகளுக்கு ஊசி போடப் போன இடத்திலெல்லாம் அவரிடம் கேட்டிருக்கிறார்கள், டீச்சரம்மாவுக்கும் உங்களுக்கும் என்னங்க மனஸ்தாபம் என்று. என்னவென்று சொல்வார்?

ஒரு சாயங்காலம் அவரே வந்து, சேலத்துக்கு இருவரும் போகலாம் என்றார். போனோம். வண்டியின் மதிப்பை அன்றைய விலைக்கு இறக்கி எழுதச் சொன்னோம். பின் சீட்டைச் சேர்க்கச் சொன்னோம். கையெழுத்துப் போட்டது அவர். அதே அதிகாரி என் பக்கம் திரும்பாமல் அவரிடமே பேசினார். தள்ளுபடி போன பின்னும், எனக்கும் சேர்த்து எழுதிய பின்னும், முன்பு கட்டியதைவிடக் குறைவாகத்தான் வந்தது. மலிவாகவும் இருந்திருக்கலாம், எனக்கும் பாதுகாப்பு இருந்திருக்கலாம். இரண்டுக்கும் தடையாக இருந்தது எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன ஒரு மனிதரின் கமிஷன்.

மாமா அந்தக் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அவர் மனைவி கோயிலில் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொள்வார். நான் அதோடு விடவில்லை. எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியைகளின் கணவர்களிடம் வண்டி இருந்தது. அவர்களிடம் சொன்னேன். மொரப்பூர் சந்தையில் கண்டவர்களிடம் சொன்னேன். சிலர் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள். பணம் குறைகிறது என்றால் ஆண்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். பின் சீட்டு என்றதும் சிரித்தார்கள். மிச்சம் பிடித்ததில் ஒரு துளியை மனைவிக்காகக் கட்ட அவர்களுக்குக் கை வரவில்லை.

பிறகு எல்லா இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சேலத்து ஆபீஸில் போர்டு மாறியது. மேஜையும் நாற்காலியும் மாறவில்லை, கேட்டால்தான் எழுதுவோம் என்ற வழக்கமும் மாறவில்லை.

அதற்கும் கொஞ்ச காலம் கழித்து, நல்லம்பள்ளியில் ஒரு டீக்கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு சின்ன வயதுத் தம்பதி புது வண்டியில் வந்து நின்றார்கள். கணவன் டீ வாங்க இறங்கினான். அவள் பின் சீட்டில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள், மடியில் மாம்பழக் கூடை. அவளிடம் கேட்டேன், வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டாயிற்றா, உனக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அதெல்லாம் அவருக்குத்தாங்க தெரியும்."

எனக்குக் கால் விண்ணென்று வலித்தது. பஸ் வந்தது, அதை விட்டுவிட்டேன். டீக் கிளாஸோடு திரும்பிய அந்தப் பையனை நிறுத்தி வைத்து, அவளுக்கும் காதில் விழும்படி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன்.