அவங்க எல்லாம் அப்படித்தானுங்க

ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கற வேலைக்கு இங்கிலீஷ்ல இன்டர்பிரட்டர்னு பேருங்க. மாமியாருக்கும் மருமகளுக்கும் சேதி சொல்லப்போய் மாட்டினவங்க, பங்காளிச் சண்டையில சமாதானம் பேசிச் சட்டை கிழிஞ்சவங்க, நீங்கெல்லாம் இதைப் படிச்சா எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவீங்கன்னு நம்பறேன்.

நான் பீளமேட்டுல பி.யூ.சி. படிச்சுட்டு இருந்தவன். நான் காலேஜை விட்டனா, காலேஜ் என்னை விட்டுச்சாங்கறதுல எங்கப்பாவும் நானும் இன்னும் ஒத்துப்போகலை. மில்லுல ஜாபரா, அதாங்க மேஸ்திரியா இருக்கற மாமா, புளோ ரூம்ல எடம் சொல்லி வெச்சிருக்கறேன், வந்து சேருன்னாரு. பஞ்சு பறக்கற அந்த ரூமுக்குள்ள ஒரு மணி நேரம் நின்னு பாத்தனுங்க. வெளிய வரும்போது தலை, மீசை, புருவமெல்லாம் நரைச்சு, நானே மாமாவுக்கு மாமா மாதிரி இருந்தேன்.

அந்த நேரத்துலதான் துடியலூருக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல கோழிப்பண்ணை வெச்சுக் காட்டறதுக்கு அமெரிக்காவுல இருந்து ரெண்டு பசங்க வந்தாங்க. கென் வெள்ளைக்காரன், தெக்கத்திப் பருத்திக்காட்டுல பொறந்தவன். கால்வின் கறுப்பு அமெரிக்கன், வடக்க ஏரிக்கரையில பெரிய டவுன்காரன். என்னைப் பேச்சுக்கு வெச்சுக்கிட்டாங்க. பி.டி.ஓ. ஆபீஸ்ல ஒரே கண்டிஷன்: கோழி முட்டை வெச்சு, அந்த முட்டை சந்தையில வித்துக் காட்டற வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து இருக்கோணும். ஒருத்தன் கெளம்பினாலும் பண்ணையை மூடிருவாங்க. பண்ணையை மூடினா எனக்குப் புளோ ரூம். ஆக, என் தலைமுடி அந்த ரெண்டு பேரு நாக்குல இருந்துச்சுங்க.

இன்னொருத்தரு எங்கீங்க?

பண்ணைக்கு எடம் குடுத்தது நாச்சிமுத்துக் கவுண்டரு. நல்ல மனுசன். மொத நாள் தோட்டத்து வாசல்ல ரெண்டு மாலையோட நின்னாரு. கென்னுக்கு ஒண்ணைப் போட்டாரு. அடுத்த மாலையைக் கையில வெச்சுக்கிட்டு, கால்வினைத் தாண்டி, ஜீப்புக்குப் பின்னால எட்டி எட்டிப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்து, "ரெண்டு பேரு வாராங்கன்னாங்களே கண்ணு, இன்னொருத்தரு எங்கீங்க? டிரைவரு மட்டுந்தான் நிக்கறாரு"ன்னாரு.

கென் என்ன சொல்றாருன்னு கேட்டான். நான் கால்வின் பக்கம் திரும்பி, உங்களுக்குப் பிரயாணமெல்லாம் சவுரியமான்னு கவுண்டரு விசாரிக்கறாருன்னேன். என் தொழில்ல பொய்யும் ஒரு பாஷைதானுங்க. கால்வின் அந்த மாலையையே பாத்துட்டு இருந்தான். அப்பறம் நிதானமாச் சொன்னான்: "கஷ்டப்பட்டு மாத்திச் சொல்லாத. எங்க ஊர்லயும் இதே கேள்விதான், இங்கிலீஷ்ல கேப்பாங்க."

வெயிலும் மொளகாயும்

கோழிக்கொட்டாய்க்குக் கூரை மேயோணும். சித்திரை வெயிலு. கென் ஏணியைக் கால்வின் பக்கம் தள்ளி, நீ ஏறு, உங்காளுங்களுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னான். கால்வின் ஒரு பார்வை பாத்துட்டு, வீம்புக்கு ஏறினான். அவன் ஊர்ல வருசத்துல நாலு மாசம் ஏரியே ஐஸாக் கெடக்குமாமுங்க. பத்து ஓலை கட்டறதுக்குள்ள கண்ணு சொருகிச் சரிஞ்சுட்டான். தாங்கிப் புடிச்சு நெழல்ல போட்டு, மோரு குடுத்து எந்திரிக்க வெச்சோம். மிச்சக் கூரையைக் கென்தான் மேஞ்சான், ஒரு சொட்டு வேர்வை இல்லாம.

மத்தியானம் கால்வின் பழி தீத்துக்கிட்டான். சமையலுக்கு இருந்த பாப்பாத்தி அக்காகிட்ட என்னைச் சொல்லச் சொன்னான்: வெள்ளைக்காரனுகளுக்கு நாக்குல ருசியே கெடையாது, காரம் பட்டா அழுதுருவானுக, அவனுக்கு வெறுஞ்சோறு போடுங்கன்னு. கென் காதுல வாங்காம, கம்பங்கூழுக்குத் தொட்டுக்க வெச்சிருந்த பச்சை மொளகாயை நறுக் நறுக்குன்னு ஆறு கடிச்சான். அவங்கம்மா வெக்கற கொழம்புக்கு இது வெள்ளரிக்காயாமுங்க. அக்கா கரண்டியைக் கீழ வெச்சுட்டு என்கிட்டக் கேட்டாங்க: "ஒருத்தனைப் பத்தி ஒருத்தனுக்கு ஒண்ணுமே தெரீலையே கண்ணு, இவங்க அண்ணந்தம்பிகளா?"

கோழிக்கறி

குஞ்சுக வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு சாயங்காலம் கவுண்டரு ஊட்டுல இருந்து நாட்டுக்கோழிக் கொழம்பு வந்துச்சு. கென் சிரிச்சுக்கிட்டே, கோழி வளக்கறதுக்குக் கால்வினை அனுப்பினவங்க ஏமாந்தாங்க, அவங்காளுங்க கோழியைக் கண்டா விடுவாங்களான்னான். கால்வின் தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. கோழி புடிக்கும்னா அது வசவா? எங்கூர்ல கோழி புடிக்காதவனைத்தான் சந்தேகமாப் பாப்பாங்க. போய்க் கேட்டேன். அவங்க நாட்டுல அது பழைய கேலியாமா. கறுப்பு ஆளுகளைக் கோழித் திருடனுகளாப் படம் போட்டுச் சிரிப்பாங்களாமா. "நான் கோழி திங்கறதைப் பத்தி அவன் பேசலை. என்னைப் பாக்கறதுக்கு முன்னாலயே பாத்து முடிச்சுட்டான்"னான். அதுக்குள்ள கென் வந்தான். சும்மா சொன்னேன், மனசுல ஒண்ணும் இல்லைன்னான். தெக்கத்தி வெள்ளைக்காரனுக எல்லாருமே இப்படித்தான், நெலம் உங்களுது வேர்வை எங்களுதுன்னான் கால்வின். கென்னுக்கு மொகம் செவந்துபோச்சு. எங்கப்பனுக்குச் சொந்தமா ஒரு குழி நெலம் இருந்ததில்ல, ஆயுசுக்கும் அடுத்தவன் காட்டை வாரத்துக்கு ஓட்டினவருன்னான். அதோட பேச்சு நின்னுபோச்சு. அப்பறம் உப்பு வேணும்னாக் கூட என் மூலமாத்தான் கேட்டுக்கிட்டாங்க. இங்கிலீஷ்ல இருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்த ஆளு ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தானுங்க.

மறுநாள் கால்வின் ஒரு கவரை என் கையில குடுத்தான். வேற ஊருக்கு மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருந்தான். புளோ ரூம்ல பஞ்சு பறக்கற சத்தம் எனக்கு அங்கயே கேட்டுச்சு. அவன் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கே போட்டுரு. மறந்துட்டேன்னு சொல்லாத, உங்காளுங்க எல்லாம் மறதிக்காரங்கன்னு கென் சொல்லுவான்."

மறக்கலைங்க. கொட்டாய்க் கூரையில ஓலைக்கு நடுவுல பத்திரமாச் சொருகி வெச்சேன்.

செரட்டை

பண்ணையில தீவனம் கலக்கறது மாரி. காலனியில இருந்து வாரவன், நடுவயசு, அதிகம் பேச மாட்டான். ஒரு நாள் நாங்க நாலு பேரும் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போனோம். நாங்க மூணு பேரும் பெஞ்சுல உக்காந்தோம், கண்ணாடிக் கிளாஸ்ல டீ வந்துச்சு. மாரி வெளிய ஓரமா நின்னான், கொட்டாங்குச்சிச் செரட்டையில ஊத்துனாங்க. தெனமும் பாக்கறதுதான், என் கண்ணுக்குத் தெரியவே இல்ல.

கால்வின் கிளாஸைக் கீழ வெச்சான். மாரி ஏன் வெளிய நிக்கறான்னான். நான் ரெடியாப் பதில் வெச்சிருந்தேன். அவங்க எல்லாம் அப்படித்தான், அவங்களுக்கு அதுதான் புடிக்கும்னு இங்கிலீஷ்ல சொன்னேன். அதுக்குப் பேசினது கென். கறுப்பு ஆளுகளைப் பத்தி அவன் தாத்தாவும் இதே வார்த்தையைத்தான் சொல்லுவாருன்னான். சொல்லிப்போட்டு கிளாஸை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு, மாரி பக்கத்துல போய் நின்னான். கால்வினும் போய் நின்னான். ரெண்டு வாரமாப் பேசாதவனுக தோளோட தோள் நிக்கறாங்க. பெஞ்சுல நான் மட்டும், அதிகாரியாட்டம்.

எந்திரிச்சு வெளிய போனனுங்க. மாரி செரட்டையில இருந்து கண்ணை எடுக்காமலே, அத்தனை மரியாதையாக் கேட்டான்: "வால்பாறையில தொரை பங்களாவுல எட்டு வருசம் இருந்தனுங்க, இங்கிலீஷ் கொஞ்சம் வெளங்கும். எனக்குச் செரட்டைதான் புடிக்கும்னு உங்ககிட்ட எப்பங்க சொன்னேன்?"

டீயில போட்ட முட்டை

தப்புத்தான் மாரின்னேன். அவன் டீயைக் குடிச்சு முடிச்சு, செரட்டையைக் கழுவி ஓரமா வெச்சான். கடைக்காரரு அதை ஒண்ணும் எறிஞ்சுறலை. மறுநாள் கால்வின் நாலு தகர டம்ளர் வாங்கிட்டு வந்தான். அன்னைல இருந்து பண்ணையிலயே அடுப்பு மூட்டி, மாரி டீ போட, நாலு பேரும் ஒரே டம்ளர்ல, அதாவது ஒரே மாதிரி டம்ளர்ல குடிச்சோம்.

அப்பறம் மூணு மாசத்துல கோழிக முட்டை வெச்சுது. அதுதான் வினை. எல்லாம் சீமைக்கோழி, முட்டை பூராவும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுப்பு. சந்தையில ஒருத்தரும் தொடலை. வெளுத்த முட்டையில சத்தே இருக்காது, நோஞ்சான் முட்டைன்னாங்க. மூணு சந்தை போயும் கூடை நெறைய திரும்பி வந்துச்சு. அடுத்த சந்தைக்கு பி.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பாக்க வாராங்க.

அதுக்கு முந்தின நாளே எல்லா முட்டையையும் ஆறின டீ டிகாக்‌ஷன்ல போட்டுட்டனுங்க. மொத ஈடு திட்டுத் திட்டாத் தேமல் விழுந்த மாதிரி வந்துச்சு. பின்னால நின்ன மாரி, தூள் பத்தாதுங்க, துளி புளித்தண்ணி விட்டாத்தான் புடிக்கும்னு சொல்லி, கரண்டியை வாங்கிக்கிட்டான். தேயிலைக்காட்டுல இருந்தவனுக்குத் தெரியாததா? அசல் நாட்டுக்கோழி முட்டை நெறம். மறுநாள் மாரியும் நானும் மட்டும் கூடையோட போனோம், சந்தையில அரை மணி நேரத்துல காலி. ஆபீசரு கை குலுக்கிட்டுப் போனாரு. கவுண்டரு தெனமும் ரெண்டு அவிச்சுத் தின்னு, மூட்டு வலியே போயிருச்சுன்னாரு.

அடுத்த வாரம் அடுப்படியில கையும் முட்டையுமா மாட்டிக்கிட்டேன். கென்னும் கால்வினும் வாசல்ல. அண்டாவுல பாதி முட்டை வெள்ளை, பாதி பழுப்பு. எதுக்குன்னாங்க. வேற வழியில்லாம, மொத தடவையா ஒரு வார்த்தை மாத்தாம மொழிபெயர்த்தேன்: வெள்ளையா இருந்தா எங்க ஊர்ல விலை போகாதுங்க.

கால்வின் ஒரு பழுப்பு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "எங்க ஊர்ல கறுப்பை மறைக்கறதுக்குக் கடை கடையாக் கிரீம் விக்கறாங்க. வெள்ளையை மறைக்கறதுக்குப் பாடுபடற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்"னான். கென்னுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, வந்தது பாதியில நின்னுபோச்சு. சிரிக்கலாமா கூடாதான்னு தெரியாம வாயைப் பொத்திக்கிட்டான். கால்வின் அவனைப் பாத்து, "சிரிச்சுக்க. இது நான் சொன்னது"ன்னான். அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கோழிகெல்லாம் மூலைக்கு ஓடுச்சு.

சிரிச்சு முடிச்சு, கென் அந்தக் கோழிக்கறிப் பேச்சுக்கு நேராவே மன்னிப்புக் கேட்டான், என் மூலமா இல்லாம. கால்வின் தலையை ஆட்டிட்டு, கென்னோட அப்பா எந்த ஊர்ல வாரத்துக்கு ஓட்டினாருன்னு விசாரிச்சான். நான் மெதுவா நழுவப் பாத்தேன். அந்த லெட்டருக்கு ஏன் பதிலே வரலைன்னான் கால்வின். கூரையில இருந்து உருவிக் குடுத்தேன். அதைப் பாத்தான், என்னைப் பாத்தான், அண்டாவுக்கு அடியில அடுப்புல வெச்சுட்டான். சாயத்துக்குப் போட்ட கடைசி ஈட்டு முட்டை அந்தச் சூட்டுல வெந்தே போச்சுங்க, எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

அந்நேரம் பாத்துக் கவுண்டரு முட்டைக்கு வந்து நின்னாரு. அண்டாவை எட்டிப் பாத்தாரு. தொலைஞ்சோம்னு நெனச்சேன். வெள்ளையில ஒண்ணு, பழுப்புல ஒண்ணு எடுத்து உரிச்சு, ரெண்டையும் தின்னு பாத்தாரு. மீசையைத் தொடைச்சாரு. கால்வின்கிட்டப் போய், பக்கத்துல கெடந்த கட்டில்ல உக்காந்து, என்கிட்டச் சொல்லச் சொன்னாரு: "நாளைல இருந்து எனக்கு வெள்ளையே குடுக்கச் சொல்லுங்க கண்ணு. ரெண்டும் ஒண்ணுன்னா டீத்தூளை எதுக்குங்க வீணாக்கோணும்?"

அவங்க எல்லாம் அப்படித்தான்னு யார் சொன்னாலும் அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்க்கறதில்லைன்னு நிறுத்திப்போட்டதுல இருந்து, எனக்குப் பாதி வேலை கொறைஞ்சுபோச்சுங்க, தலைமுடியும் இன்னும் கறுப்பாவே இருக்குது.