அந்த அம்மா கேட்ட காமிரா

கொடைக்கானலில் முப்பது வருஷமாகக் காட்டேஜ் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலைப் பெரிதாக்கு, பால்கனியை வெளியே தள்ளு, பள்ளத்தாக்கைக் காட்டு. என் வித்தை அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு அறையை மாற்றிக் கட்டச் சொன்னார் டாக்டரம்மா. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்போடு வருகிறவர்களைச் சில நாள் பத்திரமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறை அது.

"ஜன்னல் நாலு விரலுக்கு மேல திறக்கக் கூடாதுங்க. ஆனா காத்து வரணும். கதவை வெளியிலேருந்தும் திறக்க முடியணும். ஆனா தட்டாம யாரும் உள்ள போகக் கூடாது. செவுத்துல துருத்திக்கிட்டு எதுவுமே இருக்கக் கூடாது. ஆனா ஜெயில் மாதிரி இருந்துறக் கூடாது."

ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆனா. மூன்று தடவை படம் போட்டேன். முதல் படம் போலீஸ் லாக்கப். இரண்டாவது உருளைக்கிழங்கு குடோன். மூன்றாவது என்னவென்று எனக்கே தெரியவில்லை. ஆபத்தானதை எடுக்க எடுக்க அறையில் மனுஷர் இருப்பதற்கான அடையாளமும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. எரிச்சலாக வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"அங்க படுத்துக் கெடந்தவங்ககிட்டயே கேட்டுப் பாருங்களேன்" என்றார் டாக்டரம்மா.

அப்படித்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது தாண்டியவர். பூம்பாறையில் பூண்டுக் காட்டு வேலை. எட்டு வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். முந்தைய வருஷம் அந்த அறையில் பத்து நாள் இருந்து, தேறி, இப்போது மாத்திரை வாங்க வந்திருந்தார். அறை எப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டேன்.

"காமிரா மாதிரி இருந்தாப் போதும் சார். பயமில்லாமக் கெடப்பேன்."

என் காதில் விழுந்தது அதுதான். அட, இவ்வளவு சுலபமா என்று இருந்தது. டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அவங்களே கேட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "என் காதாலே கேட்டேங்க" என்று அடித்துச் சொன்னேன். மேல் மூலையில் காமிரா வைத்தாயிற்று. போதாததற்கு, நோயாளிக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று கதவையும் சுவரையும் கனமாக்கி, வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வராமல் செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு மாசம் கழித்து, காலையில் டாக்டரம்மா போன் செய்தார். குரலே சரியில்லை.

"அந்தம்மா வந்திருக்காங்க. பழைய நெனப்பு வந்தா யாரையும் கேக்காம மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துருங்கன்னு சொல்லியிருந்தோம், வந்துட்டாங்க. ஆனா ரூமைப் பாத்துட்டு வெளிய போய் உக்காந்துட்டாங்க, வீட்டுக்குப் போறேங்கறாங்க. இப்பப் போயிட்டா இன்னொரு தடவ வர மாட்டாங்க. வெரசா வாங்க."

போனேன். கேட்டுக்கு அருகே சிமென்ட் பெஞ்சில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி அந்த அம்மா. பக்கத்தில் சிஸ்டர் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பூம்பாறை பஸ் வர அரை மணி நேரம் இருந்தது. பயத்தில் எனக்குக் கோபமாகத்தான் பேச வந்தது.

"ஏம்மா, நீங்கதானே காமிரா வேணும்னு கேட்டீங்க?"

"நான் எங்க சார் கேட்டேன்? அது மேலேருந்து என்னையவே பாத்துக்கிட்டிருக்கு. நான் என்ன களவாணியா?"

"காமிரா இருந்தாப் பயமில்லாமக் கெடப்பேன்னீங்களே!"

"காம்பரா சார். காம்பரா!"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மண்டையில் ஒன்றும் ஏறாத ஆள் என்று முடிவுகட்டியது முகத்திலேயே தெரிந்தது. பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தோட்டத்துல எங்களுக்குக் குடுத்த வீடு சார். லயம்னா ஒரே நீளக் கூரை, அதுக்குக் கீழ வரிசையாப் பத்துக் காம்பரா. நடுச்செவுரு கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் எங்கப்பா இருமுனா அந்தப் பக்கத்துலருந்து கொத்தமல்லித் தண்ணி வேணுமான்னு கேப்பாங்க. இங்க போன தடவயே கதவச் சாத்துனா ஒரு சத்தம் இருக்காது. இப்ப நீங்க சுத்தமா அடச்சிட்டீங்க. அந்த அமைதிதான் சார் எனக்கு ஆகல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை, அல்லது ஒரேயடியாகப் புரிந்தது. "அந்த வீடு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்று மடத்தனமாகக் கேட்டேன்.

"நல்லாவா? மழைக்கு ஒழுகும், ஒரே பொகை, கால் நீட்டப் படுக்க எடம் இருக்காது. அது யாருக்கு வேணும்? சத்தம் மட்டும் போதும்."

வெட்கமாக இருந்தது. உள்ளே போய் என் கையாலேயே காமிராவைக் கழற்றினேன். சுவரை இடிக்காமல் வேறு வழியில்லை, ஆனால் அன்றைக்கே இடிக்க முடியாது. டாக்டரம்மா சிஸ்டரின் மேஜையைத் தூக்கிவந்து அறை வாசலிலேயே போடச் சொன்னார். கதவு பாதி திறந்திருந்தது. சிஸ்டர் அங்கே உட்கார்ந்து, பேரேட்டைப் புரட்டியபடி, சமையற்கட்டுப் பெண்ணிடம் குழம்பில் உப்பில்லை என்று சத்தம்போட்டார். பையோடு வந்து வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

சுவரைப் பற்றி டாக்டரம்மாவிடம் பேசினேன். "திறந்து விடுங்க. ஆனா சத்தம் மட்டுந்தான் வரணும்" என்றார். மறுபடியும் ஆனா. இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை. ஆனால் எப்படிச் செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை. ஒரு அறை ஒருவரைக் காப்பாற்றுமா, அல்லது அறைக்கு வெளியே இருமுகிற ஆளா? காப்பாற்றுவது ஆள்தான் என்றால் இத்தனை நாள் நான் எதற்குப் படம் போட்டேன்? இன்றுவரை எனக்கு அது குழப்பம்தான்.

கிளம்பும்போது, காலையில் ஆட்களோடு சீக்கிரமே வந்து இடித்துவிடுகிறேன் என்று சிஸ்டரிடம் சொன்னேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், வெள்ளனே வந்து தட்டிராதீங்க. நாளைக்கு நான் கூடக் கொஞ்ச நேரம் தூங்கணும்."

இது வேறயா என்று இருந்தது. கொத்தனாரிடம் நேரத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். "சரிங்கம்மா, பத்து மணிக்கு மேல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க?" என்றேன்.

"கேக்கலையா உங்களுக்கு?" என்றார். "நாளைக்குன்னு சொல்றாங்க."