கேஸில் எழுதிய காணி

என் அப்பாவுக்கு வன்னியில் காணி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இந்த இரண்டு வசனத்தை எழுத எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.

நான் பேர்லினில் பஸ் ஓட்டுகிறேன். பத்து வயதில் இங்கே வந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு கதையைக் கேட்டு வளர்ந்தேன்: கொலனியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் சொந்தக் காணி இருந்தது, ஆமி வந்து முகாம் போட்டது, நாங்கள் ஓடி வந்தோம். கொலனி என்றால் அரசாங்கம் காடு வெட்டி, குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் என்று பெர்மிட் கொடுத்துக் குடியேற்றிய இடம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே மிளகாய்த் தோட்டம் செய்யப் போனவர். ஆமி இடையில் ஒருமுறை வெளியேறியது. சண்டை முடிந்ததும் திரும்பி வந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதையை நான் சும்மா வைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன். ஊர்வலங்களில் மட்டையில் எழுதிப் பிடித்தேன். கூட வேலை செய்யும் டொச்சுக்காரச் சாரதிகள், ஜெர்மன்காரர்கள், சாப்பாட்டு இடைவேளையில் "உங்கள் நாட்டில் என்ன பிரச்சினை?" என்று கேட்டால், முதலில் எங்கள் மூன்று ஏக்கரைத்தான் சொல்வேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு செய்தி வந்தது. அந்தக் கொலனியின் ஒரு பக்கத்தை ஆமிக்கென்று நிரந்தரமாகச் சுவீகரிக்கப் போகிறார்களாம். உரிமை உள்ளவர்கள் காணிக் கந்தோருக்கு, காணி அலுவலகத்துக்கு, எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அப்பா அசையவே இல்லை. "விடு பிள்ளை, போனது போனதுதான்" என்றார். நான் விட்டேனா? கத்தினேன். பயந்தாங்கொள்ளி என்று கூடச் சொன்னேன். லீவு போட்டு, காரில் ஏற்றி, தூதரகத்துக்குக் கொண்டுபோனேன். ஊரில் இருக்கும் மச்சான் அப்பாவுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க, அற்றோணித் தத்துவம் எழுத வைத்தேன். அப்பா கையெழுத்துப் போட முன் பேனையை இரண்டு தரம் கீழே வைத்தார். வயது என்று நினைத்தேன். மச்சான் தோட்டக் கடன், உரம் வாங்கிய பழைய கடதாசிகளைக் காட்டி அப்பாவின் பெயரில் உரிமை கேட்டு மனுக் கொடுத்தான்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பேர்லின் நொய்கெல்னில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் ஒரு பெண். என்னைவிட மூன்று நாலு வயது குறைவு. கையில் ஒரு நீலக் கோப்பு. டுசல்டோர்ஃப் நகரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாளாம், விடிய வெளிக்கிட்டு ரயிலில் வந்தாளாம்.

"அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. ஐயாவோட ஒருக்கா கொலனிக் காணியைப் பற்றிக் கதைச்சிட்டுப் போறன்."

"எங்கட காணியைப் பற்றி உங்களுக்கு என்ன கதை? அதை ஆமியெல்லோ பிடிச்சு வைச்சிருக்கு" என்றேன்.

"ஓம் அக்கா, ஆமிதான் பிடிச்சது. ஆனா பிடிச்சது எங்கட காணியை."

கதவை முகத்தில் அடித்துச் சாத்தியிருப்பேன். உள்ளே இருந்து அப்பாவின் குரல் வந்தது. "அந்தப் பிள்ளையை உள்ளுக்கு வரச்சொல்லு."

அப்பா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ கிணத்துக்குள்ள செருப்பை விழுத்தினவளெல்லோ?"

"செருப்பு தம்பின்ர. அடி மட்டும் எனக்கு" என்றாள் அவள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். தெரியாத ஆட்கள் இப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

அவள் கோப்பைத் திறந்து, நேரே விஷயத்துக்கு வந்தாள். பெர்மிட் அவளுடைய தகப்பன் பெயரில் இருந்தது. தகப்பன் செத்துப்போனார். பெர்மிட் கடைசி இடப்பெயர்வில் தொலைந்தது. கந்தோரில் இருந்த பிரதி எரிந்துபோனது. தாய் இப்போது முகாம் வேலிக்கு வெளியே கொட்டில் போட்டு இருக்கிறாள்.

"எங்கட தென்னையில ஆமி தேங்காய் பிடுங்கி, அம்மாவுக்கே விக்கிறாங்கள் ஐயா. பக்கத்துச் சனம் எல்லாம் இது எங்கட காணி எண்டு சாட்சி சொல்லிச்சுதுகள். கந்தோரில என்ன சொன்னவை தெரியுமோ? 'ரெண்டு தமிழாக்கள் ஒரு காணிக்கு அடிபடுறியள். முதல்ல உங்களுக்குள்ள முடிச்சிட்டு வாங்கோ, அதுவரைக்கும் ஆமி இருக்கட்டும்.' வாற மாசம் கடைசி விசாரணை. உங்கட மனுவை நீங்கள் திருப்பி எடுத்தாத்தான் எங்களிட்ட விளக்கம் கேப்பினம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். "இவ பொய் சொல்லுறா எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது குத்தகைக் காணி."

அறைந்த மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு வருடம். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எத்தனை பேரோடு சண்டை பிடித்திருப்பேன்!

"பிறகு ஏன் சொந்தக் காணி எண்டு எங்களுக்குச் சொன்னனீங்கள்?"

"கேஸில அப்பிடித்தான் எழுதினது."

வந்த புதிதில் எங்களைத் தங்கவைத்த அகதி ஹைமில், அகதிகள் விடுதியில், தஞ்சம் கேட்கும் கேஸ் எழுதிக் கொடுக்க ஒருவன் இருந்தானாம். எங்களைத் துரத்தியது, ஷெல் அடித்தது, சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது எல்லாம் உண்மை. அதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. காணி வந்த இடத்தில் மட்டும் அவன் பேனையை நிறுத்தினானாம். "அண்ணை, குத்தகை எண்டு சொன்னா, வேற இடத்தில போய்க் குத்தகைக்கு எடு எண்டு டொச்சுக்காரன் சொல்லுவான். சொந்தம் எண்டு போடுவம்." போட்டார்கள். அந்தத் தாள் கொடுப்பதற்கு அல்ல, விசாரணையில் அப்பா மனப்பாடமாகச் சொல்வதற்கு. விசாரணையில் யாராவது பிள்ளைகளைக் கேட்டால் மாறிச் சொல்லிவிடும் என்று எங்களுக்கும் அதையே பாடமாக்கினார்கள். கேஸ் வென்றது. பாடத்தை எங்களுக்கு யாரும் அழித்துவிடவில்லை.

"இப்ப நான் மனுவை எடுத்தா, பொய் சொன்னதெண்டு தெரிஞ்சுபோகும். பாஸ்போட்டைப் பறிச்சுப் போடுவாங்கள்."

"அப்பா, நீங்கள் டொச்சுப் பிரஜை. உங்களை ஒருத்தனும் ஒண்டும் செய்ய ஏலாது."

"புரோட்டோகோலில இருக்கு" என்றார். விசாரணையில் அதிகாரி எழுதிய பதிவைச் சொன்னார். அலுமாரிக்கு மேல் இருந்த பெட்டியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய நாலு தாளை எடுத்தார். ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று கேஸ் எழுதினவன் சொன்னானாம். இவரும் காட்டவில்லை. இவருக்கு டொச் வாசிக்கத் தெரியாது.

நான் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். தொழில், விவசாயி. தோட்டம் செய்த நிலத்தில் இராணுவம் முகாம் அமைத்ததாகச் சொல்கிறார். அவ்வளவுதான். நிலம் யாருடையது என்று அதிகாரி கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அடுத்த கேள்வி, எந்த நாடுகள் வழியாக வந்தீர்கள்.

"இதில ஒண்டும் இல்லை அப்பா. சொந்தம் எண்ட கதையே இல்லை. நீங்கள் சும்மா பயந்திருக்கிறியள்."

அந்தப் பெண் மூச்சை விட்டாள். கோப்பிலிருந்து மனுவை மீளப்பெறும் கடிதத்தை எடுத்து, பேனையோடு அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

அப்பா பேனையைத் தொடவில்லை. "எழுதேல்லையெண்டா நல்லதாப் போச்சு. அப்ப நான் ஏன் இப்ப எழுதிக் குடுக்கவேணும்?"

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. "என்ன?"

"பதினொரு வருசம் நான்தான் கொத்தினனான். கல்லுப் பொறுக்கினது நான். கிணறு ஆழமாக்கினது நான். இவையின்ர தகப்பன் ஒருநாள் மண்வெட்டி பிடிச்சவரோ?"

"பெர்மிட் அப்பாவுக்கெல்லோ ஐயா குடுத்தது" என்றாள் அவள்.

"அரசாங்கம் யாருக்கும் குடுக்கும். இப்ப ஆமிக்கும் குடுக்குது!"

இவ்வளவு நேரமும் பயம் என்றார். பயம் போனதும் உள்ளே இருந்தது இதுதான். எனக்கு ஆமியில் வந்த ஆத்திரம் எல்லாம் ஒன்றுமில்லை. அந்த மேசையில் எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

அவள் கத்தவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஊபான் சுரங்க ரயில் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். படியில் இறங்க முன் கேட்டாள். "அக்கா, நீங்கள் அப்ப பத்து வயசுப் பிள்ளையெல்லோ. உங்களுக்கு ஒண்டும் ஞாபகம் இல்லையோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சொல்ல முடியவில்லை. ஞாபகம் இருந்தது. மிளகாய் காய்ந்து முடிய, அப்பா ஒவ்வொரு வருடமும் ஒரு சாக்கைச் சைக்கிளில் கட்டுவார். முன்னால் பாரில் நான் இருப்பேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் அந்தச் சாக்கை இறக்குவோம். அப்பா அங்கே கதிரையில் இருக்க மாட்டார், நின்றுகொண்டேதான் கதைப்பார். உறவுக்காரர் வீடு என்று நினைத்திருந்தேன். அந்தச் சாக்குத்தான் குத்தகை. கண்ணால் பார்த்த நானே மட்டை பிடித்திருக்கிறேன்.

அடுத்த கிழமை அதே தூதரகத்துக்குத் தனியாகப் போனேன். பார்த்ததை அப்படியே எழுதி, சத்தியக் கடதாசியாகக் கையெழுத்து வைத்தேன். குத்தகை என்று அப்பா தன் வாயால் சொன்னதையும் சேர்த்தேன். காணிக் கந்தோருக்கு அனுப்ப முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

"பெத்த தகப்பனைக் கள்ளன் எண்டு எழுதிப்போட்டாய்" என்றார்.

"கள்ளன் எண்டு எழுதேல்லை. குத்தகைக்காரன் எண்டுதான் எழுதினனான்."

"ரெண்டும் எனக்கு ஒண்டுதான்."

விசாரணை முடிந்த அன்று அந்தப் பெண் தொலைபேசி எடுத்தாள். எங்கள் மனுவைத் தள்ளிவிட்டார்களாம். இனி அந்தக் காணிக்கு உரிமை கேட்பது அவளுடைய தாய் ஒருத்திதானாம். ஆமி வெளியேறுவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பெயரைப் பதிந்துவிட்டு, பார்ப்போம் என்றார்களாம். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

அப்பா சோபாவில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் என்னோடு கதைத்தார்.

"ஆமி விட்டுட்டாமோ?"

"இல்லை."

"அப்ப நீ என்னத்தைக் கிழிச்சனி?"

"எங்களை விலத்தினனான்" என்றேன். "இப்ப அந்த மனிசிக்கு முன்னால ஆமி மட்டும்தான் நிக்குது."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு இரண்டு மணிக்கு வேலை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.