தையல் பிரித்த விண்கலம்

குற்றாலத்தில் எங்கள் கல்லூரி மேடையில் மாஜிதாவை ஏற்றியவள் நான். கணிதத் துறையில் இருபத்தோரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அன்று நான் செய்ததை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் அது பாதிப் பொய்.

அவள் கடையநல்லூர்க்காரி. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. வீட்டில் கைலி மூட்டுகிற வேலை; துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்க வேண்டும். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய லேப்டாப். அதன் திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும், இல்லையென்றால் செத்திருக்கும். அடுத்த அடியில் அதன் கதி என்ன என்பதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்கள் முடிவு செய்யும். விதி அவ்வளவுதான். சில உருவங்கள் மட்டும் கலைந்து கலைந்து மறுபடி பழைய வடிவத்துக்கே வரும். வரும்போது சற்று நகர்ந்திருக்கும். அவற்றுக்கு விண்கலம் என்று பேர். மூன்று வருடம் தேடி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு எழுதினாள். ஓடவிட்டும் காட்டினாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சோதித்துப் பார்க்காமலே கல்லூரியில் அவள் பேசக் கூட்டம் வைத்து, பேனரும் அடித்துவிட்டேன்.

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், மேடைக்குப் பின்புறம் என் கையைப் பிடித்தாள்.

"மேடம், தப்பு பண்ணிட்டேனோன்னு பயமா இருக்கு. திரையோட இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒட்டித்தான் வச்சிருக்கேன். மொத நாள்லேர்ந்தே அப்படித்தான்."

ஓரம் பிரிந்து கிடந்தால் சும்மா இருக்காத கை அது. இந்தத் தப்பை வேறு யார் செய்வார்கள்? எனக்கு உடனே விளங்கிவிட்டது. இடப்பக்கம் வெளியேறுவது வலப்பக்கமாகச் சுற்றி வந்து, அந்தக் கலத்துக்கே முட்டுக்கொடுத்திருக்கலாம்.

"ஏட்டி, பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல மேடம். பஸ்ஸுல வரும்போதுதான் தோணிச்சு."

அரங்கில் முந்நூறு பிள்ளைகள். முதல் வரிசையில் பிரின்சிபால்.

"இன்னைக்கு ஒட்டினபடியே காட்டிரு. ஒருத்தருக்கும் தெரியாது. பெறவு பாத்துக்கிடலாம்," என்றேன்.

அவள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "ஓரத்த ஒட்டி வச்சு இதக் கண்டுபிடிச்சேன். இப்ப பிரிக்கப் போறேன். பறக்குமா விழுமான்னு எனக்கே தெரியாது."

ஓரத்தைப் பிரித்துவிட்டு அவள் விசையைத் தட்டத் தட்டக் கலம் அடி அடியாக நகர்ந்தது. பிள்ளைகள் வாய்விட்டு எண்ணினார்கள். பத்து, இருபது, முப்பது. விழுந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே நானும் எண்ணினேன். நாற்பத்தொன்றில் வலது சிறகில் ஒரு கட்டம் குறைந்தது. எண்ணும் சத்தம் தேய்ந்தது. நாற்பத்தாறில் மொத்தமும் சிதறி, ஒன்றிரண்டு சதுரங்கள் மட்டும் அசையாமல் நின்றன.

"மூணு வருசம் தேடி நான் கண்டுபிடிச்சது விண்கலம் இல்ல," என்றாள். கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் உடையவில்லை.

இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிருங்க மேடம். உங்க பேரக் கெடுத்துட்டேன்."

என்னிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாள். நான்தான் கேட்க வேண்டும் என்று தெரிந்தும் எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.